பாடு நீண்டுகொண்டே போகும்போது விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் என்ன?

பெத்தானியா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மனதில் கிடந்து அரிக்கிற ஒரு கேள்வி. சபையில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. வேலையும் போய்விட்டது. ஆரம்பத்தில் சபையே எங்களுக்காக உபவாசம் இருந்தது. வீடு நிறைய ஆட்கள் வந்து வாக்குத்தத்தம் சொல்லி ஜெபித்தார்கள். வருஷங்கள் போகப்போக வருகை குறைந்துவிட்டது. வருகிற ஒன்றிரண்டு பேரும், "வீட்டுக்குள்ள மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நான் ஆண்டவரை விடவில்லை. விடவும் மாட்டேன், எனக்குப் போக வேறு இடம் இல்லை. ஆனால் முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்திப் பாடும்போது நான் வாயை மட்டும் அசைக்கிறேன். "கடைசிபரியந்தம் உண்மையாயிரு" என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் உள்ளே ஒரு நடுக்கம். உண்மையாயிருப்பது என்றால் என்ன? அழாமல் இருப்பதா? கேள்வி கேட்காமல் இருப்பதா? சுகம் வந்தாயிற்று என்று தினமும் அறிக்கையிடுவதா? இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜெயதொனி:

சகோதரி, சோர்ந்துபோகாதீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்போஸ்தலன் பவுலும் அவன் உடன் ஊழியன் சீலாவும் அடிபட்ட முதுகோடு, தொழுமரத்தில் மாட்டிய கால்களோடு நடுராத்திரியில் பாடினார்கள். அப்போதுதான் சிறைச்சாலையின் அஸ்திபாரம் அசைந்தது. ஆபகூக் தீர்க்கதரிசியும் அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்றான். இஸ்ரவேல் ஜனம் வனாந்தரத்தில் விழுந்ததற்குக் காரணமே முறுமுறுப்பு. அதனால் மனதுக்கு எப்படி இருந்தாலும் வாயில் துதி இருக்கட்டும், குறை வேண்டாம். சுகம் நிச்சயம் வரும்.

பழைய_ஏடு:

ஜெயதொனி அண்ணன், நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஆபகூக்கின் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் புத்தகம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். "எதுவரைக்கும் நான் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்றுதான் முதல் அதிகாரமே தொடங்குகிறது. தேவன் பதில் சொல்கிறார், அந்தப் பதிலும் அவனுக்கு ஒப்பவில்லை. மறுபடி எதிர்க்கேள்வி கேட்கிறான், பிறகு காவற்கோபுரத்தில் ஏறி நின்று காத்திருக்கிறான். இவ்வளவும் நடந்த பிறகுதான் அத்திமரம் வருகிறது. மூன்றாம் அதிகாரத்தின் பாட்டைப் பாடியவன் முதல் அதிகாரத்தில் சண்டை போட்டவன்தான்.

வனாந்தரத்து முறுமுறுப்பும் வேறு ரகம். அந்த ஜனங்கள் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தேவனைப் பற்றிப் பேசினார்கள், எகிப்துக்கே திரும்பிப் போக ஒரு தலைவனைத் தேடினார்கள். சங்கீதக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. மனக்கசப்பை நேராக அவர் முகத்துக்கு முன் கொண்டுபோய் வைத்தார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்பது சங்கீதம் 13-இன் முதல் வரி. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். பல புலம்பல்கள் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை. இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை, ஆலயத்தில் பாடுவதற்கென்று கோராகின் புத்திரர் கையில் கொடுக்கப்பட்ட பாட்டு அது. அக்கா, வார்த்தை வராத நாளில் அந்தச் சங்கீதத்தை அப்படியே வாசியுங்கள். அதுவும் ஜெபம்தான்.

எரேமியா 20-ஐயும் ஒருதரம் பாருங்கள். 13-ஆம் வசனத்தில் "கர்த்தரைப் பாடுங்கள், கர்த்தரைத் துதியுங்கள்" என்கிறான். அடுத்த வசனத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். இடையில் சமாதானம் சொல்லும் ஒரு வரிகூட இல்லை. ஒரே மனுஷனுக்குள், ஒரே நாளில் இரண்டும் இருந்திருக்கலாம். அதனால் அவன் தீர்க்கதரிசி இல்லை என்று ஆகிவிடவில்லை.

யோர்தான்கரை:

நான் ஒரு சிறிய சபையின் போதகன். "மறைவான பாவம்" என்ற பேச்சைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் படித்ததும் மனம் பதறியது.

சகோதரி, அதை உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி சீஷர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொல்லிவிட்டார். யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் அதிகாரம் அதிகாரமாக இதையே பேசினார்கள். அவர்களில் எலிப்பாசின் பேச்சைத் தனியாக எடுத்து வாசித்தால் நல்ல பிரசங்கம் போலவே இருக்கும், அதில் பல வரிகள் உண்மையும்கூட. ஆனால் தேவன் கடைசியில் யார்மேல் கோபப்பட்டார்? தன்னோடு வழக்காடின யோபுவின்மேல் அல்ல. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்தச் சிநேகிதர்களைத்தான் கடிந்துகொண்டார். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்குப் பலி தேவைப்பட்டது. அவர்களுக்காக யோபு வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை விசுவாசத்துக்கு அளவுகோல் வைக்கிறவர்கள் எல்லாரும் ஒருதரம் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினாலே கொன்றான். அந்த மரணத்துக்கு ஒரே ஒரு வசனம். பிறகு பேதுருவைப் பிடித்தான். தூதன் வந்து விலாவைத் தட்டி எழுப்பி, சங்கிலிகள் கழன்று, இருப்புக்கதவு தானாகத் திறந்து பேதுரு தெருவுக்கு வந்துவிட்டான். இருவரும் இயேசுவோடு மறுரூப மலைக்குப் போனவர்கள். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவில்லை. பேதுருவுக்காக ஜெபித்த கூட்டமும் பெரிய விசுவாசத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் வந்து கதவைத் தட்டியபோது, சொல்ல ஓடிவந்த ரோதை என்ற பெண்ணைப் பார்த்து "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள்.

எபிரெயர் 11-இலும் இதே விஷயம்தான். ஒரு கூட்டம் பட்டயக்கருக்குக்குத் தப்பினது, இன்னொரு கூட்டம் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தது. இரண்டு வசனம்தான் இடைவெளி. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே விசுவாசத்தினாலே நற்சாட்சி கிடைத்தது.

ஜெயதொனி:

ஐயா, யாக்கோபு 5:15-இல் "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று தெளிவாக இருக்கிறதே. சுகம் கேட்பதையே விட்டுவிடச் சொல்கிறீர்களா? விவாதத்துக்காகக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

யோர்தான்கரை:

விட்டுவிடச் சொல்லவே மாட்டேன் தம்பி. கேட்கத்தான் வேண்டும். எங்கள் சபையில் எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம், எழுந்து நடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அடக்க ஆராதனை நடத்தியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் பகுதியை 14-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மூப்பர்களை அழைப்பது. வந்து விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டிய பாரம் மூப்பர்கள்மேல் இருக்கிறது. நாம் அதைத் தலைகீழாக்கி, படுக்கையில் கிடக்கிறவனிடமே "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்கிறோம்.

பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தான். அதே பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதிகள் நீங்கின காலமும் உண்டு. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த பலவீனத்துக்குக் கைவைத்தியம்தான் எழுதி அனுப்பினான். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூன்றுதரம் கேட்டார். பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. ஆகவே கேட்பதும் விசுவாசம். கேட்டது கிடைக்காத நாளில் அவர் காலடியை விட்டு நகராமல் இருப்பதும் விசுவாசம். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், தன் சிலையைப் பணியாவிட்டால் எரிகிற சூளையில் போடுவேன் என்ற ராஜாவிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம் சிலையைப் பணிய மாட்டோம். சூளைக்குள் போவதற்கு முன்னால் சொன்ன வார்த்தை அது. உள்ளே நாலாவது ஆள் வருவார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ராகேல்_அம்மா:

மகளே, நான் என் மகனை இழந்தவள். அவனுக்கு வயது பத்தொன்பது.

யோபு புத்தகத்தை எல்லாரும் "இரண்டத்தனையாய்த் திரும்பக் கிடைத்தது" என்று முடிப்பார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆனது. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆனது. பிள்ளைகள் மட்டும் முன்பும் ஏழு குமாரர் மூன்று குமாரத்திகள், பின்பும் ஏழு குமாரர் மூன்று குமாரத்திகள். செத்துப்போன பத்துப் பேரும் திரும்பி வரவில்லை. புதிதாகப் பிறந்த பிள்ளையைத் தூக்கும்போது யோபுவின் மனைவிக்கு என்ன நினைப்பு ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்" என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக அவளைப் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் திட்டுகிறோம். அந்த வார்த்தை தப்புதான். ஆனால் அவளும் ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளைப் புதைத்தவள். தேவன் எலிப்பாசைக் கடிந்துகொண்டார், அவளைக் கடிந்துகொண்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

யோபுவுக்குக் காரணமும் சொல்லப்படவில்லை. முதல் அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த பேச்சு நமக்குத் தெரியும், அவருக்குக் கடைசிவரை தெரியாது. தேவன் நாலு அதிகாரம் பேசுகிறார், நட்சத்திரம், காட்டுக்கழுதை, தீக்குருவி, லிவியாதான் என்று என்னென்னவோ சொல்கிறார், உன் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனாலும் யோபு "இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று அடங்கிவிட்டார். நான் பல வருஷமாகக் காரணத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். இப்போது அவரையே கேட்கிறேன். காரணம் தெரிந்தாலும் என் பிள்ளை இல்லாத வீடு அப்படியேதான் இருக்கும்.

என்னைத் தாங்கினது பெரிய பிரசங்கம் எதுவும் இல்லை. எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா தினமும் சாயங்காலம் வருவார்கள். பாத்திரம் விளக்கி வைப்பார்கள், மடித்து வைக்காத துணியை மடிப்பார்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் சரி என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா, அந்த ஏழு நாளோடு எழுந்து போயிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

செபமாலை:

நான் கத்தோலிக்கப் பெண். இந்த உரையாடலில் கலந்துகொள்ளலாம்தானே? வார்த்தை வராத நிலை பற்றி அக்கா எழுதியதைப் பார்த்ததும் அன்னை தெரேசா நினைவுக்கு வந்தார். அவர் 1997-இல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இறைவன் இல்லாததுபோன்ற இருளை அனுபவித்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் காலையில் எழுந்து திருப்பலிக்குப் போனார், பிறகு நோயாளிகளிடம் போனார். உணர்வு வரட்டும், பிறகு போகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் எழுதி வைத்த செபங்கள் உண்டு. சொந்த வார்த்தை வற்றிப்போன நாளில், எனக்கு முன்னால் அழுதவர்களின் வார்த்தையை எடுத்துச் சொல்வேன். வாய் அசைந்தால் போதும் என்று இருக்கிற நாள்களும் உண்டு அக்கா. நீங்கள் ஆராதனையில் வாயை மட்டும் அசைப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பொய் என்று எண்ணாதீர்கள். மற்றவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுகிறார்கள்.

வழிப்போக்கன்:

மிஷனரி வரலாறு கொஞ்சம் படிக்கிறவன் என்பதால் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதோனிராம் ஜட்சன். அமெரிக்கர், 1813-இல் பர்மாவுக்குப் போனார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற 1819 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டதும் ஒற்றன் என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு. இரவில் ஒரு மூங்கிலைக் கால்களுக்கு நடுவே செருகி உயரே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் படும். மனைவி ஆன் கைக்குழந்தையோடு அதிகாரிகள் வாசல் வாசலாக அலைந்தார். வேத மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

இதுவரை பிரசங்கங்களில் சொல்வார்கள். இதற்கு அடுத்ததைச் சொல்வது அபூர்வம். அவர் விடுதலையானபின், 1826-இல் ஆன் காய்ச்சலில் இறந்தார், கணவர் அருகில் இல்லாத நேரத்தில். ஆறு மாதத்தில் குழந்தை மரியாளும் போனாள். ஜட்சன் மெல்ல மெல்ல உடைந்தார். காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கென்று ஒரு கல்லறை தோண்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவன் தமக்கு அறியப்படாதவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் வீட்டுக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தை எழுதிய மனிதர் பின்வாங்கிப்போனவர் என்று இன்று நாம் முத்திரை குத்திவிடுவோம். அவரோ மெதுவாக எழுந்தார், மறுபடி மேசைக்குப் போனார், 1834-இல் பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். அந்த மொழிபெயர்ப்பை இன்றும் அங்கே வாசிக்கிறார்கள். "விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடையவில்லை" என்பதை நான் ஒரு முழுமையான விசுவாச அறிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன். மாற்கு 9-இல் அந்தத் தகப்பன் கண்ணீரோடு சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்த ஜெபத்துக்கு இயேசு பதில் கொடுத்தார்.

தபீத்தாள்:

நான் நர்ஸ், டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். அக்கா, எல்லாரும் ஆவிக்குரிய விதத்தில் எழுதிவிட்டார்கள், நான் சரீரத்தைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் எப்போது கடைசியாக இரவு முழுக்கத் தூங்கினீர்கள்? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நாலு மணி நேரம் மெஷின் ஓடும்போது வெளியே பெஞ்சில் காத்திருக்கிற மனைவிமாரைத் தினமும் பார்த்தவள் நான். நோயாளிக்கு எடை பார்ப்போம், பிரஷர் பார்ப்போம். அந்தப் பெஞ்சில் இருக்கிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற வார்த்தை அங்கேதான் வருகிறது. ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசினதெல்லாம் அதற்குப் பிறகு.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய். ஸ்பர்ஜன் எவ்வளவு பெரிய பிரசங்கியார்! 1856-இல் லண்டனில் அவர் பேசிய அரங்கத்தில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்தத் துயரம் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப அவரை அழுத்தியது, மேடையிலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், உங்கள் கணவருக்கு ஓடுகிற மெஷினைக் காட்டுங்கள்.

புதிய_உறுப்பினர்:

இவ்வளவு நாள் வாசிக்க மட்டும் செய்தேன். எனக்கும் ஒரு கேள்வி. என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "இது உன் சிலுவை, பொறுமையாய்ச் சும, கர்த்தர் அவரை மாற்றுவார்" என்கிறார்கள். வீட்டை விட்டுப் போனால் நான் உண்மையில்லாதவளா?

யோர்தான்கரை:

இல்லை மகளே. ஒருபோதும் இல்லை. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது சுவரோரம் அசையாமல் நிற்கவில்லை, விலகி ஓடினான். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினான். சாட்டையால் அடிக்க வாரினால் கட்டினபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தான். இயேசுவும் வேளை வரும்வரை கல்லெறிய வந்தவர்களின் கையை விட்டு விலகிப்போனார். அடிக்கிறவனுக்கு அடிக்க இடம் கொடுப்பது சிலுவை ஆகாது. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், காவல்துறையிடம் போகவும் தயங்க வேண்டாம். ராகேல் அம்மா, நீங்கள் இவருக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியுமா?

ராகேல்_அம்மா:

அனுப்பிவிட்டேன் ஐயா. மகளே, பார்த்ததும் பதில் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

பெத்தானியா:

எல்லாவற்றையும் வாசித்தேன். நேற்று மெஷின் ஓடும்போது என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். யாக்கோபும் பேதுருவும் பற்றிப் போதகர் எழுதினதை இரண்டாவது தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "நான் யாக்கோபா இருந்தாலும் உன்மேல கோவம் இல்லைன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவர் தனியாக இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர் பயந்துவிடுவார் என்று நான் பேசாமல் இருந்தேன், நான் உடைந்துவிடுவேன் என்று அவர் பேசாமல் இருந்திருக்கிறார். சங்கீதம் 88-ஐ இருவரும் சேர்ந்து வாசித்தோம். அழுதோம். நர்ஸ் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

தபீத்தாள் தங்கச்சி, தூக்கம் சரியாக இல்லைதான். டாக்டரிடம் பேசுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? எங்கள் மகளுக்கு எட்டு வயது. "நாம ஜெபம் பண்றோமே, அப்பாவுக்கு ஏன் சரியாகல?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

ராகேல்_அம்மா:

அம்மாவுக்கும் தெரியலை என்று சொல். அதோடு, அப்பா நம்மோடு இருக்கிறார், இயேசப்பாவும் நம்மோடு இருக்கிறார், இரண்டு பேர்கிட்டயும் நீ எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் சொல். நீ நல்லா ஜெபிச்சா சரியாகும் என்று மட்டும் சொல்லிவிடாதே. என் இளையவளிடம் யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் போனது தன் ஜெபம் சரியில்லாததால்தான் என்று அவள் ரொம்ப நாள் மனதுக்குள் வைத்திருந்தாள். கோபமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதையே ஆண்டவரிடம் சொல்லப் பழக்கு. இந்தச் சங்கீதங்களை அவளும் ஒருநாள் வாசிக்கப் போகிறாள்தானே.

ஜெயதொனி:

சகோதரி, டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அந்த நாலு மணி நேரத்தை இங்கே இருக்கிற நாங்கள் பிரித்துக்கொண்டு ஜெபிக்கிறோம். நான் சுகத்துக்காகக் கேட்பதை விடப்போவதில்லை. வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்றும் நீங்களே சொல்லுங்கள், அதையே கேட்கிறேன்.

பெத்தானியா:

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழிலிருந்து பதினொன்று. சுகத்துக்காகக் கேளுங்கள் அண்ணா, நாங்களும் கேட்கிறோம். ஊசி குத்துகிற கை வீங்கியிருக்கிறது, அது வற்ற வேண்டும். அவர் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய ஒரு வேலை கிடைக்க வேண்டும். மகள் பயப்படாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும். எனக்கு இரவில் தூக்கம் வர வேண்டும். புதிய உறுப்பினர் என்று எழுதின அந்தச் சகோதரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்காக வியாழக்கிழமை முதல் மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தபீத்தாள்:

சனிக்கிழமை கடைசி மணி நேரம் எனக்கு. வீக்கத்தைப் பற்றி அடுத்த முறை ஊசி போடுவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் காட்டிவிடுங்கள் அக்கா. சிவந்தோ சூடாகவோ இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.